வட்டாரக் குழுவில் தோட்ட மக்களின் குரல்

அதிகாலையில் பெரட்டுக்கு நின்று, விடியுமுன் பால்மரக் காட்டில் உளி பிடித்தவர், மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, நிறுவைக் கொட்டகையில் எடை கொடுத்து வீடு திரும்பும்பொழுது நண்பகல் கடந்துவிடும். அவர் வாழும் மாவட்டத்தின் பட்டணத்தில் காலை பத்து மணிக்கு ஒரு பொதுக் கூட்டம் நடைபெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். “எல்லா இனத்தவரும் வரலாம், எவருக்கும் தடையில்லை” என்று அறிவிப்பும் ஒட்டப்படுகிறது. பார்வைக்கு இது சமத்துவமே. ஆயினும் மரம் சீவும் தொழிலாளி எவரும் அக்கூட்டத்திற்கு வர இயலாது. வந்தால் அன்றையக் கூலி போய்விடும். அதே கூட்டத்தை மாலை ஐந்து மணிக்குத் தோட்டத்துப் பள்ளி மண்டபத்தில் வைத்து, அறிவிப்பைத் தமிழிலும் எழுதி ஒட்டினால் லயத்து மக்களும் வந்து அமர்வர்.

கதவைத் திறந்து வைப்பது சமத்துவம். அக்கதவு வரை வந்து சேர வழியில்லாதவருக்கு வழி செய்து கொடுப்பது சமநீதி. இனங்களுக்கிடையே நியாயம் நிலவ வேண்டும் என்று பேசும்பொழுது இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது. நம் நாட்டின் அரசியல் சட்டம் 8-ஆம் பிரிவில் சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று விதித்துள்ளது. சட்டத்தில் எழுதப்பட்டது குழாயடிக்கும் கூட்ட மண்டபத்திற்கும் வந்து சேர்வதற்கு, இடையில் நின்று பணியாற்றுவோர் சிலர் தேவைப்படுகின்றனர். வட்டாரக் குழுக்கள் ஏற்பட்டதன் காரணம் அதுவே.

நம் நாட்டில் இத்தகைய குழுக்களின் வரலாறு விடுதலைக்கு முன்பே தொடங்குகிறது. 1948-ஆம் ஆண்டு சூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபொழுது, இனங்களுக்கிடையே ஐயமும் அச்சமும் மிகுந்திருந்தன. அந்நிலையில் 1949-ஆம் ஆண்டு சனவரியில் இனத் தொடர்புக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அன்றைய பிரிட்டிஷ் தலைமை ஆணையர் மால்கம் மெக்டோனால்டு அதற்கு ஊக்கமளித்தார். டத்தோ ஓன் பின் ஜாபார், டான் செங் லோக் முதலியோர் அதில் அமர்ந்தனர். இலங்கைத் தமிழரான துரைசிங்கம் குழுவின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மூடிய அறையில், வெளிப்படையாக உள்ளத்தைத் திறந்து பேசுவது என்பதே அவர்கள் வகுத்துக்கொண்ட முறை. மலாய்க்காரர் பொருளாதாரத்தில் பின்தங்கியுள்ளனர் என்பதை மற்றவர்கள் ஒப்புக்கொண்டனர். மற்ற இனத்தவருக்குக் குடியுரிமை பெறும் வழி அகலமாக வேண்டும் என்பதை மலாய்த் தலைவர்கள் ஒப்புக்கொண்டனர். 1950-இல் அமைக்கப்பட்ட கிராமப்புறத் தொழில் வளர்ச்சி ஆணையமும், 1952-இல் தளர்த்தப்பட்ட குடியுரிமை விதிகளும் அப்பேச்சின் போக்கையே பின்பற்றின.

ஒருவர் குறையை மற்றவர் கேட்டு ஒப்புக்கொண்டதே அக்குழுவின் சிறப்பு. அதன் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. அம்மேசையைச் சுற்றி அமர்ந்தோர் யாவரும் தலைவர்கள், செல்வர்கள், படித்தோர். தோட்டத்தில் உளி பிடித்த கை ஒன்றும் அம்மேசைமீது இல்லை.

1969-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் மூண்ட கலவரத்திற்குப் பின் இம்முயற்சி பெரிய அளவில் மீண்டும் மேற்கொள்ளப்பட்டது. துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையில் தேசிய நல்லெண்ணக் குழு அமைந்தது. ஊர்தோறும் நல்லெண்ணக் குழுக்கள் எழுந்தன. தேசிய ஒற்றுமை இலாகா தோன்றியது. 1970 சனவரியில் துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய ஆலோசனை மன்றம் கூடிற்று. அரசியல் கட்சியினர் மட்டுமின்றிச் சமயத் துறையினர், ஆசிரியர், தொழிற்சங்கத்தினர், பத்திரிகையாளர் எனப் பலரும் அதில் இடம்பெற்றனர். அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாரா அம்மன்றத்தில் ஆராயப்பட்ட பின்னரே வெளிவந்தது. ருக்குன் நெகாராவின் முகவுரையில், நாட்டுச் செல்வம் நியாயமாகவும் சமமாகவும் பங்கிடப்படும் நேர்மையான சமுதாயம் ஒரு குறிக்கோளாகக் கூறப்பட்டுள்ளது. ஐந்து கோட்பாடுகளைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பர். முகவுரையை நினைவில் வைத்திருப்போர் குறைவு.

துன் வீ. தி. சம்பந்தன் 1972 முதல் 1974 வரை தேசிய ஒற்றுமை அமைச்சராக இருந்ததும், பின்னர் தேசிய ஒற்றுமை வாரியத்தின் தலைவராகப் பணியாற்றியதும் நம் தோட்ட மக்கள் அறிந்ததே. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வேலையும் வீடும் இழந்த நாளில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, பத்து வெள்ளித் தவணையில் தொழிலாளரைப் பங்குதாரர் ஆக்கியவரும் அவரே. வேலை, வீடு, நிலம் ஆகியவற்றைப் பேசாமல் ஒற்றுமையை மட்டும் பேசுவதில் பயனில்லை என்பதை அவர் வாழ்நாள் பணி காட்டுகிறது.

இன்று நம் ஊர்களில் காணப்படும் ருக்குன் தெத்தாங்கா என்னும் அண்டை அயலார் குழு 1975-ஆம் ஆண்டில் அவசர விதிகளின்கீழ்த் தொடங்கப்பட்டது. முதலில் அதன் பணி இரவுக் காவலே. ஆடவர் முறைவைத்துச் சுற்றி வந்தனர். மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஒரே கொட்டகையில், ஒரே விளக்கொளியில், விடிய விடியக் காப்பி அருந்திப் பேசினர். திருடனைப் பிடித்ததைவிட அப்பேச்சே மிகுந்த பயன் தந்தது எனப் பழையவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எண்பதுகளில் காவற்பணி குறைந்து, அண்டை அயலாரோடு பழகுதல் முதன்மை பெற்றது. 2012-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இப்பொழுது தேசிய ஒற்றுமை அமைச்சின் பார்வையில், நாடெங்கும் 8,000-க்கும் மேற்பட்ட பகுதிகளில் இக்குழுக்கள் இயங்குகின்றன.

2001-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தை இங்கே குறிப்பிடாமல் செல்வது முறையன்று. பெட்டாலிங் ஜெயாவை அடுத்த கம்போங் மேடானில் அண்டை வீட்டாரிடையே எழுந்த பூசல் இனக் கலவரமாயிற்று. ஆறு பேர் மாண்டனர். பலர் வெட்டுக் காயம் அடைந்தனர். இந்திய மக்களே மிகுதியாகத் துன்புற்றனர். தோட்டத்தை விட்டுப் பெயர்ந்து, நகர ஓரத்தில் நெருக்கமான குடிசைகளிலும் நீண்ட வீடுகளிலும் குடியேறிய குடும்பங்களும் அப்பகுதியில் இருந்தன. வேலை நிலையில்லை, இடம் போதவில்லை, பக்கத்து வீட்டாரின் பெயரும் தெரியாது. வதந்தி மட்டும் வீட்டுக்கு வீடு தாவியது. பூசல் சிறிதாயிருக்கும்பொழுதே இரு தரப்பையும் அமர்த்திப் பேச அங்கே எவருமில்லை என்பதே பின்னர் பலரும் எடுத்துரைத்த உண்மை. அதன்பின் வந்த ஆண்டுகளில் ஒற்றுமை இலாகா, குழு உறுப்பினர்களுக்குச் சமரசப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. 2012-ஆம் ஆண்டின் சட்டமும் சமூகச் சமரசத்தைக் குழுவின் கடமைகளுள் ஒன்றாக வைத்துள்ளது.

சமரசம் எவ்வாறு நடைபெறும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

தோட்டத் தொழிலாளி ஒருவர் மூன்று பசுக்கள் வளர்க்கிறார். தோட்ட எல்லையில் வேலி அறுந்துள்ளது. பசுக்கள் அதன் வழியே சென்று, அடுத்த கம்பத்தில் ஒரு மலாய்ப் பெரியவரின் சோளக் கொல்லையை மேய்ந்துவிடுகின்றன. முதன்முறை அவர் பொறுத்தார். இரண்டாம் முறை வந்து சொன்னார். மூன்றாம் முறை கோலெடுத்துப் பசுவை அடித்தார். தொழிலாளியின் மகன் ஓடிச்சென்று, பெரியவரின் இனத்தைக் குறித்து ஓர் இழிசொல் கூறிவிட்டான். மாலைக்குள் கம்பத்து இளைஞர் பத்துப் பேர் வேலியருகே நின்றனர். லயத்திலிருந்தும் பத்துப் பேர் கிளம்பினர்.

இந்நிலையில் குழுவின் சமரசர்கள் முதலில் கூட்டத்தைக் கலைக்கின்றனர். பின்பு இருவரையும் பொது இடமொன்றில், பள்ளியிலோ சமூக மண்டபத்திலோ, அமரச் செய்கின்றனர். கோயிலும் பள்ளிவாசலும் இதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. ஒருவர் அங்கே வீட்டுக்காரராகவும் மற்றவர் விருந்தினராகவும் ஆகிவிடுவர். சமரசர் இருவராயின் இருவேறு இனத்தவராக இருத்தல் நலம். ஒருவர் பேசும்பொழுது மற்றவர் குறுக்கிடலாகாது என்பதே முதல் விதி. மலாய் மொழியில் தம் கருத்தை முழுதும் சொல்ல இயலாதவர்க்குத் தமிழில் பேசவும், அதனை மொழிபெயர்க்கவும் ஏற்பாடு செய்யப்படும். இது சிறு செய்தியன்று. பிறர் மொழியில் திக்கித் திக்கிப் பேசுவோரின் நியாயமும் திக்கியே வெளிவரும்.

அடுத்து ஒவ்வொருவரையும் தனியே அழைத்துப் பேசுகின்றனர். அங்கேதான் உண்மை வெளிப்படுகிறது. “சோளம் போனால் போகட்டும். என் பேரன் வயதுப் பையன் என் இனத்தைச் சொல்லித் திட்டினான். அதுதான் உறங்க விடவில்லை” என்கிறார் பெரியவர். “வாயில்லாப் பசுவை அடித்தால் எங்கள் வீட்டுப் பிள்ளையை அடித்ததுபோல்தான். அது அவருக்குத் தெரியாதா?” என்கிறார் தொழிலாளி. சோளத்தின் விலையைப் பற்றிப் பேச வந்தோர் மதிப்பைப் பற்றிப் பேசுகின்றனர். இருவர் மனமும் தணிந்த பின் உடன்பாடு காண்பது எளிது. சேதத்திற்கு இரண்டு சம்பளத்தில் ஒரு தொகை கொடுப்பதென்றும், மகன் நேரில் சென்று “மன்னியுங்கள், பாக்சிக்” என்று கூறுவதென்றும், பசு புகுந்தால் அடிக்காமல் கட்டிவைத்துத் தகவல் சொல்வதென்றும் முடிவாகிறது. அது எழுதப்பட்டு இருவரும் கையொப்பமிடுகின்றனர். இது நீதிமன்றத் தீர்ப்பன்று. எவரும் எவரையும் கட்டாயப்படுத்தியதுமன்று.

இவ்வளவில் குழு எழுந்து சென்றுவிட்டால் அதன் பணி பாதியே முடிந்தது என்பது நம் கருத்து. வேலி யாருடையது? தோட்ட நிருவாகத்துடையது. அது எத்தனை மாதமாக அறுந்து கிடக்கிறது? கம்பத்துக்காரரும் லயத்துக்காரரும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்ட மறுநாளும் வேலி அறுந்தே இருந்தால், நான்காம் முறையும் பசு புகும். ஆகவே வேலியைச் சீர்செய்யுமாறு குழு நிருவாகிக்கு எழுத்து மூலம் கோரிக்கை வைக்க வேண்டும். விடை வரும்வரை அதனைக் கூட்டக் குறிப்பில் வைத்திருக்க வேண்டும். இரு ஏழைகளைப் பார்த்துப் பொறுத்துப் போங்கள் என்பது எவருக்கும் எளிது. பொறுப்புள்ளவரைப் பார்த்து உங்கள் கடமையைச் செய்யுங்கள் என்பதற்குத்தான் குழுவின் ஒன்றுபட்ட குரல் தேவைப்படுகிறது. மலாய்ப் பெரியவரும் இந்தியத் தொழிலாளியும் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டு அனுப்பினால் அதற்கு உண்டாகும் மதிப்பே தனி.

தோட்டப்புறத்தில் குழுவின் கவனத்திற்குரிய மற்றொன்று பத்திரங்கள். இதன் வேதனை பழையது. 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. 1969-ஐ அடுத்த ஆண்டுகளில் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தபொழுது, தோட்டங்களில் உழைத்த ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். இந்நாட்டுக் காட்டை அழித்து மரம் நட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். குடியுரிமைக்கு மனுச் செய்யும் வாய்ப்பு முன்னரே இருந்தும், அதன் அவசியத்தை லயத்தில் வந்து எடுத்துரைத்தவர் மிகச் சிலரே.

அத்துயரத்தின் எச்சம் இன்னும் முற்றும் மறையவில்லை. 2011-ஆம் ஆண்டு “மைடஃப்தார்” என்னும் பதிவு இயக்கம் நாடு முழுதும் நடைபெற்றபொழுது, பிறப்புப் பத்திரமோ நீல அடையாளக் கார்டோ இல்லாத இந்தியர் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்றனர். இக்குறை எங்ஙனம் உண்டாகிறது? பெரும்பாலும் திருமணத்திலிருந்தே. 1982-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளிலிருந்து முஸ்லிம் அல்லாதோர் திருமணம் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டியாயிற்று, ஊரறிய விருந்தும் வைத்தாயிற்று என்று பதிவை விட்டுவிடுகிறோம். தாய் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்பவராகவோ குடியுரிமை இல்லாதவராகவோ இருந்து, பெற்றோரின் திருமணமும் பதிவாகாதிருந்தால், தந்தை குடிமகனாக இருந்தும் பிள்ளையின் குடியுரிமையில் சிக்கல் எழுகிறது. அப்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் கார்டு கிடைக்காது. பின்பு தேர்வு, வேலை, வங்கிக் கணக்கு என்று வாயில்தோறும் தடை. தானறியாத குறைக்காகப் பிள்ளை வாழ்நாளெல்லாம் விலை கொடுக்கிறது.

தேசியப் பதிவு இலாகாவின் அதிகாரத்தை எந்த வட்டாரக் குழுவும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் லயத்தில் வீடு வீடாகச் சென்று, எந்தப் பிள்ளைக்கு என்ன பத்திரம் இல்லை என்பதைக் கேட்டு எழுத முடியும். பதிவு இலாகா அதிகாரிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கே வருமாறு வேண்ட முடியும். பிரசவம் பார்த்த மருத்துவச்சி, பழைய கிராணி, பள்ளித் தலைமையாசிரியர் ஆகியோரைச் சாட்சியாகத் தேடிப்பிடிக்க முடியும். பாரத்தை நிரப்ப எழுத்தறிந்த இளைஞர் இருவரை அமர்த்த முடியும். இனநீதி என்னும் பெரிய சொல் தோட்டத்தில் இவ்வாறு பாரம் நிரப்பும் வேலையாகவே வந்து நிற்கிறது.

குழுவின் எல்லைகளையும் தெளிவாக அறிதல் வேண்டும். சம்பளமும் வேலை நேரமும் குழுவின் அதிகாரத்தில் இல்லை. அவற்றைத் தொழிற்சங்கமும் தொழிலாளர் இலாகாவும் கவனிக்கும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என அரசு விதித்துள்ளது. அது கிடைக்கவில்லையெனில் சமரசத்திற்கு இடமில்லை, புகாருக்கே இடமுண்டு. ஒழுகும் கூரை, அடைபட்ட சாக்கடை, குடிநீர் ஆகியவையும் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டத்திற்கு உட்பட்டவை. அதற்கும் தொழிலாளர் இலாகாவையே அணுக வேண்டும். அடிதடி, கொள்ளை போன்ற குற்றங்கள் போலீசாருக்குரியவை. மனைவியை அடிக்கும் கணவனை அவளோடு ஒரே மேசையில் அமர்த்தி இருவரும் விட்டுக்கொடுங்கள் என்று பேசுவது சமரசமாகாது, கொடுமைக்குத் துணைபோவதேயாகும். எதைத் தொடக்கூடாது என்று அறிந்த குழுவையே மக்கள் நம்புவர்.

நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் ஒன்றுண்டு. இன்று பல தோட்டங்களில் நமக்குப் பக்கத்து லயத்தில் குடியிருப்போர் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் ஆவர். நம் பாட்டனார் கங்காணியை நம்பிக் கப்பலேறி வந்ததுபோல், அவர்கள் தரகரை நம்பிக் கடன்பட்டு வந்துள்ளனர். அவர்கள் குழாயடிக்கு வரும்பொழுது நாம் என்ன முகம் காட்டுகிறோம்? எது திருட்டுப் போனாலும் முதலில் எவரை ஐயுறுகிறோம்? நம் முன்னோரைப் பிறர் எந்தச் சொல்லால் இழிவாக அழைத்தனர் என்பதை மறவாத நாம், அவர்களை எந்தச் சொல்லால் அழைக்கிறோம்? குழுவில் அவர்கள் அமர்கின்றனரோ இல்லையோ, அவர்களைப் பற்றிய புகார் வரும்பொழுது அவர்கள் சொல்லையும் கேட்ட பின்னரே முடிவு செய்தல் வேண்டும். நமக்குள்ளேயே சாதி பார்த்துக் கோயில் திருவிழாவில் ஒதுக்கிவைக்கும் பழக்கம் எஞ்சியுள்ள இடங்களிலும் இதே அளவுகோல் பொருந்தும்.

குழுவில் சேர விரும்பும் தோட்ட மக்கள் மாவட்ட ஒற்றுமை அலுவலகத்தை அணுகலாம். தோட்டம் ஏற்கனவே ஒரு பகுதிக்குள் அடங்கியிருந்தால், அடுத்த கூட்டம் எந்நாள், எவ்விடத்தில் என்று கேட்டறியலாம். நேரம் ஒத்துவரவில்லையெனில் அதனையே முதற் கோரிக்கையாக வைக்கலாம். இருவர் மூவராகச் செல்வது நன்று. அவர்களுள் ஒரு பெண்மணியாவது இருத்தல் வேண்டும். ஆயாக்கொட்டகையின் நிலையும், தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கிறது என்பதும் ஆடவரைவிட அவர்களுக்கே நன்கு தெரியும். பேசப்போவதை முன்பே எழுதி வைத்துக்கொள்க. எந்த நாள், எந்த இடம், எத்தனை வீடு என்ற விவரங்கள் அதில் இருக்கட்டும். கூட்டம் முடியும் முன், தாம் கூறியது குறிப்பில் ஏறியதா என்று செயலாளரிடம் கேட்டு, அடுத்த கூட்டத்தில் அக்குறிப்பு வாசிக்கப்படும்பொழுது தவறாமல் அங்கே இருக்க வேண்டும்.